கட்டையை விற்றுச் சாவியை வைத்துக்கொண்ட அண்ணாச்சி

பரமசிவ அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் போனைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே, உங்க அண்ணாச்சி தவறிட்டாவளாம். காலைலதான். குரூப்ல போட்டிருக்காவ."

கையில் இருந்த மீனைச் செதில் எடுத்து முடித்தேன். அடுத்த மீனை எடுத்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"அழலியா அத்தே?"

"மசாலாவ எடுத்துட்டு வா. நேரமாவுது" என்றேன்.

அன்று சாயங்காலம் வரை போனில் வந்ததையெல்லாம் அவள் வாசித்துக் காட்டினாள். ஒருவர் 'மாமனிதர்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'ஷார்ஜாவில் எங்களுக்குத் தகப்பனாக இருந்தவர்' என்று எழுதியிருந்தார். 'ஒருவர் மனதையும் புண்படுத்தாதவர்' என்று எழுதியது இங்கே நம்மூர்க்காரர் சங்கத்துப் பொருளாளர். அவரை அண்ணாச்சி கடைசி வரை 'சொட்டை' என்றுதான் கூப்பிட்டார், அதுவும் அவர் பிள்ளைகள் முன்னால். செத்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் மறதி வந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று சங்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். 'அவருக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி நீங்கதானே' என்றார்கள். கேட்டதால் எழுதுகிறேன். படிப்பு அஞ்சாம் வகுப்புதான். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லை மாற்றாதீர்கள்.

தங்கச்சி ஆன கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் அரபி வீட்டுக்குச் சமையலுக்கு வந்த புதிது. முதல் லீவு நாளில் பர் துபாய்க் கோவில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்காலோடு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்தில் வந்தார்.

"எந்த ஊரு?"

"நாங்குநேரி பக்கம்."

"அப்படிச் சொல்லு. முழிக்க முழியப் பாத்தாலே தெரியுது. இனிமே நீ எனக்குத் தங்கச்சி."

கடைவீதிக்குக் கூட்டிப்போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தந்தார். விசா மெடிக்கலுக்கும் அவர்தான் வந்தார். அங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் என் பெயரை நிதானமாக எழுதுவேன். இரண்டு எழுத்து எழுதுவதற்குள் அண்ணாச்சி அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இவ பேர எழுதி முடிக்கதுக்குள்ள ஆபீச பூட்டிட்டுப் போயிருவான். கைநாட்டு வாங்கிக்கிடுங்க." வரிசையில் இருந்த நம்மூர்க்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது அவர்தான். உதவியையும் அவமானத்தையும் ஒரே கையால் கொடுக்கத் தெரிந்தவர் அவர். முதலாவதை வாங்கிக்கொண்டால் இரண்டாவதையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்களில் பாதிப் பேருக்கு அவரைச் சங்கத்து ஆளாகத்தான் தெரியும். பொங்கல் விழாவில் மைக் பிடிப்பார், ஊருக்குப் போகும் சவப்பெட்டிக்கு மாலை போடுவார். எனக்கு அவரைக் கடை ஆளாகத் தெரியும். ஷார்ஜாவில் வேட்டைச் சாமான் விற்கிற கடை. அரபிகள் குளிர்காலத்தில் வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போவார்கள். கூடாரம், பூட்ஸ், பைனாகுலர், பருந்தின் கண்ணை மறைக்கும் தோல் தொப்பி எல்லாம் அங்கே கிடைக்கும். பின்சுவரில் துப்பாக்கிக்குப் போடும் மரக்கட்டைகள் வரிசையாக நிற்கும். தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்க்கிறார்களே, அந்த மரப் பாகம்தான் கட்டை. துப்பாக்கியோடு வருகிற கட்டை ஆளுக்குச் சேரவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு வேறு வாங்கிப் போடுவார்கள். அதிலே உயர்ந்தது, மாற்றும் கட்டை. திருகினால் நீளும், குறுகும். கன்னம் வைக்கும் பலகையும் ஏறி இறங்கும். துப்பாக்கியைத் தொட லைசென்ஸ் வேண்டும். கட்டை வெறும் மரம். அந்த வெறும் மரத்தைத் தொட்டுத்தான் அண்ணாச்சி பெரிய ஆளானார்.

அவருக்குக் கை சுத்தம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் நான் கடையில் இருக்கும்போது அரபுப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஒருவன், கறுப்பு ரேகை அலையலையாக ஓடுகிற வால்நட் கட்டை ஒன்றை எடுத்துத் தடவிக்கொண்டே நின்றான். அண்ணாச்சி அதை அவன் கையிலிருந்து வாங்கி மறுபடி சுவரில் மாட்டிவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "யே திவார் கா ஹை பாய், கந்தே கா நஹீ." இது சுவருக்குச் செய்தது, தோளுக்கு இல்லை என்று. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சிவந்து, கடைசியில் அண்ணாச்சி காட்டியதையே வாங்கிக்கொண்டு போனான். அவன் வாசல் தாண்டுவதற்குள் என்னிடம் திரும்பி, "மரத்தோட ரேகைய பாக்கான் மூதி, தன் தோளப் பாக்க மாட்டங்கான்" என்றார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "கட்டைக்குத் தக்கன ஆளு குனியப்பிடாது தங்கச்சி. ஆளுக்குத் தக்கன கட்டைதான் குனியணும்." மரத்திடம் அப்படித்தான் நடந்தார். மனிதர்களிடம் தலைகீழ். அவர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, நம்மைத்தான் குனியச் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மாற்றும் கட்டையைத் திருகுவதற்கு வளைந்த சின்னச் சாவி ஒன்று பெட்டியோடு வரும். அந்தக் கட்டைக்கென்றே செய்தது, வேறு சாவி சேராது. அண்ணாச்சி கட்டையை ஆளுக்குத் தக்கபடி வைத்து இறுக்கியதும், சாவியை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுவிடுவார். வாங்கினவருக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது. டிராயரை இழுத்தால் சலங்கை மாதிரிச் சத்தம் கேட்கும். ஏன் அண்ணாச்சி என்று ஒரு தடவை கேட்டேன். "சாவி கையில இருந்தா ஆளாளுக்குத் திருகுவான். எங்கிட்ட இருந்தா எங்கிட்ட வருவான்" என்றார். வந்தார்கள். பெரிய பெரிய வண்டியில் வந்து, 'பரம்சிவ் எங்கே' என்று கேட்டு நின்றார்கள். அதில் அவருக்கு ஒரு சுகம்.

என் வீட்டுக்காரருக்கு டிரைவர் விசா வந்ததும் அண்ணாச்சியால்தான். நான் சமைக்கிற வீட்டு முதலாளியை அர்பாப் என்போம், அவர் அந்தக் கடைக்குப் பழைய வாடிக்கை. அண்ணாச்சி அவரிடம் சொல்லி, என் வீட்டுக்காரரை நான் சமைக்கிற வீட்டுக்கே வரவழைத்தார். ஷார்ஜாவுக்கு வெளியே தைத் என்ற ஊர்ப் பக்கம் அந்தப் பெரிய வீட்டின் பின்புறம் எங்களுக்கு ஒரு ரூம் தந்தார்கள். இங்கே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். கேம்பில் அடுக்குக் கட்டிலில் கிடந்து, பெண்டாட்டி முகத்தைப் போனில் பார்க்கிற ஆண்கள் எத்தனை பேர்! நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக ஒரு கூரைக்குக் கீழே இருந்தோம். பையன் ஊரில் என் அம்மாவிடம் வளர்ந்தான். அந்த ரூம் ஒன்றுதான் எங்களுக்கு வாழ்க்கை. அது போனால் அவர் ஒரு கரை, நான் ஒரு கரை.

அர்பாபுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கழுத்தும் சரியாகக் குனியவில்லை. பழைய கட்டையில் கன்னம் போய்ச் சேரவில்லை. வேட்டையை விட அவருக்கு மனமில்லை. மாற்றும் கட்டை ஒன்று பார்க்கச் சொல்லி அண்ணாச்சிக்கு ஆள் விட்டார். ஆனால் அந்த மாதிரிப் பெரிய மனிதர் கடையில் வந்து நின்று, கையை நீட்டி ஒரு சேல்ஸ்மேன் டேப் வைக்க விடமாட்டார். என் வீட்டுக்காரர் உயரமும் கை நீளமும் அர்பாபை அச்சில் வார்த்த மாதிரி. அர்பாபின் கந்தூரா, அந்த நீள வெள்ளை அங்கி, தைக்கவே ரோலா தையற்கடைக்கு இவரைத்தான் அனுப்புவார்கள். கட்டைக்கும் இவரையே அனுப்பினார்கள். அன்று எனக்கு லீவு. நானும் கூடப் போனேன்.

"வாரும் மாப்ள" என்றார் அண்ணாச்சி. "ஒடம்பு அரபி ஒடம்பு, உள்ள இருக்கது மட்டும் நம்ம ஊரு கழுத."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

அண்ணாச்சி மூன்று கட்டைகளை இறக்கி மேசையில் வைத்தார். அர்பாப் வைத்திருந்த துப்பாக்கிக்கு அந்த மூன்றுதான் சேரும், மற்றதெல்லாம் துப்பாக்கி உட்காரும் உள்வாய் பொருந்தாது என்றார். ஒன்று மரச்சீவல்களை அடுக்கி ஒட்டிச் செய்தது. வெயிலானாலும் பனியானாலும் கோணாது, ஆனால் கனம். அறுத்துத் தைத்த தோள் அதைத் தாங்காது என்று ஒதுக்கினார். இரண்டாவது வால்நட். தூக்க லேசு, கன்னப் பலகை ஏறும், நீளம் மாறாது. அதையும் ஒதுக்கினார். மூன்றாவதும் வால்நட். கன்னமும் மாறும், நீளமும் மாறும். பின்னால் தோளில் படும் ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவில் தட்டுகள் இருந்தன. தட்டைச் செருகினால் நீளம், எடுத்தால் குட்டை.

முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை டேப்பால் அளந்தார். பிறகு கட்டையை இவர் கையில் கொடுத்தார்.

"கண்ண மூடு. தூக்கித் தோள்ல வை. ஏல, அகப்ப மாதிரி பிடிக்காத! கன்னத்தச் சாய். இப்ப கண்ணத் தொற. கண்ணுக்கு நேரா என்ன தெரியுது?"

"செவுத்துல இருக்க கடியாரம் மச்சான்."

"கீழயா, நேராவா?"

"கொஞ்சம் கீழ."

ஒரு திருகு. மறுபடி கண்ணை மூடு, தூக்கு, திற. இப்படியே மத்தியானம் வரை போனது. என் வீட்டுக்காரர் கையை உதறி உதறித் தூக்கினார். அண்ணாச்சிக்கு அலுக்கவே இல்லை. கடைசியில் கண் நேராக வந்து நின்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறவர் மாதிரி அந்தக் கட்டையைப் பெட்டியில் கிடத்தினார். சாவியை எடுத்து டிராயரில் போட்டார். அந்தச் சாவி மற்றச் சாவிகள் மேல் விழுந்த சத்தத்தை நான் கேட்டேன்.

"மச்சான், சாவி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னத்துக்கு? நீ திருகவா? கார் கண்ணாடியவே ஒனக்கு ஒழுங்காத் திருகத் தெரியாது. ஏல, போ."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன். கேட்டேன்.

கடையின் மெக்கானிக் கட்டையைத் துப்பாக்கியில் பூட்டினார். அர்பாப் இங்கேயே கிளப்பில் சுட்டுப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டு, அண்ணாச்சிக்குப் பேரீச்சம்பழப் பெட்டி அனுப்பினார். அந்தக் காலிப் பெட்டியை அண்ணாச்சி வெகு நாள் கடை மேசையில் வைத்திருந்தார்.

நடந்த தப்பு இதுதான். ஷார்ஜா வெயிலில் ஒற்றைச் சட்டை போட்ட ஆளை வைத்து அளவெடுத்தார். அர்பாப் போனது பனி கொட்டுகிற தேசத்துக்கு. உள்ளே இரண்டு கம்பளி, மேலே ஆட்டுத்தோல் கோட்டு. அத்தனை தடிமனும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் வந்துவிட்டது. அங்கே தூக்கியபோது ரப்பர் கோட்டில் சிக்கி, இருக்க வேண்டிய குழியில் உட்காராமல் தோள் எலும்பின் மேல் நின்றது. இரண்டு தட்டை எடுத்திருந்தால் சரியாகியிருக்கும். எடுப்பதற்குச் சாவி இல்லை. திருகுத் துளையைப் பார்த்துச் சாவி இருக்கும் என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். தம்பிமார், மைத்துனமார் எல்லாம் சுற்றி நிற்கிறார்கள், வேட்டை மான் எதிரில் நிற்கிறது. அர்பாப் வீம்புக்குக் கழுத்தை முன்னால் நீட்டிச் சுட்டுவிட்டார். துப்பாக்கி உதைத்து, மேலே இருந்த, குறி பார்க்கும் ஸ்கோப் குழல் புருவத்தைப் பிளந்தது. ஆபரேஷன் செய்த தோள் மறுபடி போனது. மான் ஓடிவிட்டது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இரத்தத்தை விடச் சிரிப்புத்தான் அவருக்கு வலித்தது.

புருவத்தில் தையலும் தோளில் கட்டுமாக வந்து இறங்கினார். மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு கடை ஆள் வீட்டுக்கு வர வேண்டும், சாவி எங்கே என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு போனது.

மறுநாள் மத்தியானமே அண்ணாச்சி எங்கள் ரூமுக்கு வந்துவிட்டார். நான் சுறாப் புட்டு வைத்திருந்தேன். உட்கார்ந்து சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தார்.

"மாப்ள, சாவிய நான் ஒங்கையில தந்தேன். நீ பெட்டியில வைக்க மறந்துட்ட. அவ்வளவுதான். ஒரு வரி."

"தராத சாவிய எப்படி அண்ணாச்சி மறப்பாவ?" என்றேன்.

"நீ சும்மா கெட தங்கச்சி. அர்பாப் இவன என்ன செஞ்சிருவாரு? தெனமும் மூஞ்சியப் பாக்க டிரைவரு. நாலு ஏச்சு ஏசுவாரு, கலாஸ். நான்னு தெரிஞ்சா மொதலாளி கடையில இருந்து அன்னைக்கே தூக்கிருவான். மூணு பொட்டப்புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நான் பக்கத்துல நின்னு பேசிச் சரிக்கட்டிருதேன். ஒம்மேல சத்தியம்."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சரி மச்சான். விசா வாங்கித் தந்த கையி. ஒரு சொல்லு சொல்லதுக்கு என்ன" என்றார்.

"கேட்டியா தங்கச்சி? இவன் ஆம்பள. இன்னும் கொஞ்சம் புட்டு வை."

வைத்தேன். அந்தக் கரண்டிப் புட்டு இன்றைக்கும் என் கையில் கனக்கிறது.

அர்பாப் ஆட்களைப் பார்க்கும் மஜ்லிஸ் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் டீ எடுத்துப்போக ஒரு கதவு உண்டு. நான் அதன் பின்னால் நின்றேன். அர்பாப் ஒன்றே ஒன்று கேட்டார்: "வேன் மிஃப்தா?" சாவி எங்கே.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "மே பூல் கயா அர்பாப்" என்றார். நான் மறந்துவிட்டேன்.

இனி அண்ணாச்சி பேசிச் சரிக்கட்டுவார் என்று நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேசினார்.

"எத்தன வாட்டி போலா அர்பாப். யே ஆத்மி ஹமேஷா சோத்தா ஹை. காடி மே பீ சோத்தா ஹை."

அவசரத்தில் தமிழும் ஹிந்தியும் கலந்துதான் வந்தது. அர்பாபுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எத்தனையோ தடவை சொன்னேன், இவன் எப்போதும் தூங்குகிறவன், வண்டி ஓட்டும்போதும் தூங்குகிறான். அந்த வண்டியில்தான் அர்பாபின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"காடி மே?" என்று கேட்டார் அர்பாப்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். அது கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது. "க்யா கரூன் அர்பாப். மேரா பெஹன் கா ஆத்மி ஹை." என்ன செய்ய, என் தங்கச்சி புருஷன் ஆயிற்றே.

"கலாஸ்" என்றார் அர்பாப். தீர்ந்தது என்று.

வெளியே அண்ணாச்சி செருப்பை மாட்டும்போது ஓடிப்போய் மறித்தேன். "ஏன் அண்ணாச்சி? மறந்துட்டான்னு மட்டும்தான சொல்லதா இருந்துச்சு?" அவர் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "பொய்யி சொன்னா நம்பணும்லா தங்கச்சி. பாதிப் பொய்ய எவன் நம்புவான்?"

விசா கேன்சல் ஆனது. என் வீட்டுக்காரர் பெட்டி கட்டினார். 'இப்பயாவது உண்மையச் சொல்லுங்க' என்று நான் கெஞ்சினேன். 'சொன்னா மச்சானுக்கும் சேத்து வேல போவும், எனக்கு மட்டும் போனாப் போதும்' என்றார். என்னை வீட்டம்மா போக விடவில்லை. சாப்பாடு நான் வைத்தால்தான் இறங்கும் என்றாள். ஊரில் பையன் படிப்பும் அம்மா வைத்தியமும் என் தலையில் இருந்தன. நான் இருந்தேன். புதிதாக வந்த டிரைவருக்காக எங்கள் ரூமைக் காலி செய்து, என்னை அடுக்களையை ஒட்டின அறைக்கு மாற்றினார்கள்.

ஊருக்குப் போனால் அங்கேயாவது வண்டி ஓட்டிப் பிழைத்திருப்பார். அவருக்கு முன்னாலேயே கதை போய்ச் சேர்ந்திருந்தது. விசா கேன்சல் முடிவதற்குள் லீவில் ஊருக்குப் போன அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 'பாவம் எம் மாப்ள, நல்லவன், ஸ்டியரிங்கப் பிடிச்சா ஒறக்கம் வந்துரும்.' பிறகு யார் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? வேன்காரன் கொடுக்கவில்லை, டிராக்டர்காரன் கொடுக்கவில்லை. சின்னப் பயல்கள் தெருவில் அவரைப் பார்த்துக் குறட்டை விட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதற்கும் சிரித்திருப்பார். போனில் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அடுத்த மழைக்காலம் வந்து போவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. எனக்கு லீவு கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது சாம்பலையும் கரைத்துவிட்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் ரோலாவில் ஒரு ஹோட்டல் மாடியில் அண்ணாச்சி இரங்கல் கூட்டம் வைத்திருந்தார். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவர்தான் முதலில் பேசினார், அவர்தான் கூடுதலாக அழுதார். என் தலையில் கைவைக்க வந்தார். நான் எழுந்து நின்று கேட்டேன்: "சாவி யாருகிட்ட இருந்துச்சு அண்ணாச்சி?" துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று என்னை உட்கார வைத்தீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் கேட்டேன். மைக்கை அவர் பிடித்ததும் நான் எழுந்திருப்பேன். அவரும் சளைக்கவில்லை. "ஏ, எந் தங்கச்சிக்கு இன்னும் அந்தச் சாவி கெடைக்கலியாம். எவனாவது தேடிக் குடுங்கல" என்பார். கூடாரம் குலுங்கச் சிரித்தீர்கள். போகப் போக அதற்காகவே காத்திருந்தீர்கள். 'ஆச்சி இன்னும் கேக்கலியா?' என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். என் பையனும் வேலை கிடைத்து இங்கே வந்தபிறகு, 'விட்டுருங்கம்மா, மானம் போவுது' என்றான். போன மானம் யாருடையது என்று அவனுக்கும் தெரியவில்லை.

நான் அழகாகக் கேட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு பதில்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் தூங்குகிறவர் இல்லை என்று அந்த மனுஷன் வாயால் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தால் போதும். அர்பாப் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லியிருக்கலாம். கடையை மூடின பிறகு சொல்லியிருக்கலாம். மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்து, மருமக்கமார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்திலாவது சொல்லியிருக்கலாம். யாருக்கும் எதுவும் போயிருக்காது. சிரிக்க வைப்பது அவருக்கு லேசாக இருந்தது.

போன மாதம் அவர் ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சம்சாரம் கோமதி மதினி என் வீட்டுப் படியேறி வந்தாள். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்தவள் இல்லை.

"மதினி, உசுரு போவாம இழுத்துக்கிட்டுக் கெடக்கு. கண்ணத் தொறந்து தொறந்து வாசலப் பாக்காவ. நீங்க வந்து ஒங்க கையால ஒரு கரண்டி பாலு ஊத்தி, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நிம்மதியாப் போயிருவாவ."

போனேன். ரோலாவில் மூத்த மகள் வீடு. கட்டிலைச் சுற்றி மூன்று பெண்களும் மருமக்கமாரும் நின்றார்கள். பால் டம்ளரையும் கரண்டியையும் மதினி என் கையில் கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. ஆனால் ஆள் தெளிவாக இருந்தார், கண்ணில் தெரிந்தது.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு அண்ணாச்சி?"

பெண்கள் விசும்பினார்கள். அவர் உதடு அசைந்தது. நான் காதை வாயருகே கொண்டுபோனேன். ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "கடையில… எங்... டிராயர்ல" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. ஒங்க மக்கமாரு கேக்கட்டும். மருமக்கமாரு கேக்கட்டும்."

அவர் கண் மூத்த மருமகனிடம் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாயை மூடிக்கொண்டார். மூடின வாய் மூடினதுதான். அப்படியே தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

நான் கரண்டியை டம்ளரில் போட்டு, டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

"சாவப்போற மனுசர்ட்ட இப்படியா அத்தே நடப்பிய?" என்று மூத்தவள் கத்தினாள்.

"ஒங்கப்பாவுக்கு இப்பயும் வாயி இருக்கு தாயி. என் வீட்டுக்காரருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறமும் அவர் சில நாள் கிடந்தார். ஊரே வரிசையில் நின்று பால் ஊற்றியதாகச் சொன்னார்கள். என்னை இரண்டு தடவை கூப்பிட்டு விட்டார்கள். நான் போகவில்லை. அவர் பெட்டி ஏர்போர்ட்டுக்குப் போன அன்று மட்டும் போய், தள்ளி நின்று பார்த்தேன். கோமதி மதினி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் செய்தது நியாயம்.

அவருக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கால் சுட நின்ற ஒருத்திக்குச் செருப்பு வாங்கித் தந்தார். நம்மூர் ஆள் எத்தனையோ பேருக்கு வேலை பார்த்துக் கொடுத்தார். ஒரு மரத்தை மனிதன் தோளில் வைப்பதில் அவருக்கு ஈடான ஆளை நான் பார்க்கவில்லை. இதெல்லாம் உண்மை. நீங்கள் எழுதியதும் உண்மையாகவே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் வண்டியில் ஒரு நாளும் தூங்கியதில்லை என்பதும் உண்மை. அண்ணாச்சி என் ஒருத்தி காதில் சொன்னதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இனி அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிச்சிட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் கொடுக்கவில்லை. கட்டிலில் கிடந்து அவர் கண்ணால் கேட்டது, அவர் சம்சாரம் படியேறி வந்து கேட்டது, அவருக்கென்றே இருந்தது. வேறு யாருக்கும் அது ஆகாது. அண்ணாச்சி நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.